கவிழ்த்துப் பார்க்கிற மேடம்

எங்கள் ஆபீஸில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் ‘இன்ஸ்பெக்‌ஷன் மேடம்’. அவர் நகர்ந்த பிறகு ‘கவிழ்த்துப் பார்க்கிற மேடம்’. கேன்டீன் டம்ளரோ, கடையில் வாங்கின குக்கரோ, யாராவது பெருமையாகக் காட்டுகிற புது வாட்சோ, அவர் கைக்கு வந்த எதுவும் முதலில் தலைகீழாகத்தான் திரும்பும். கேட்டால், “மேல்பக்கம் நமக்குக் காட்டுறதுக்காகச் செய்யறது. அடிப்பக்கத்தை யாரு பார்க்கப் போறாங்கன்னு விட்டுடுவாங்க” என்பார்.

நான் செங்கல்பட்டிலிருந்து போகிற ஆபீஸ் பஸ்ஸில் ஒன்பது வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள். திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். நான் டைப்பிஸ்ட். அவர் ஒர்க்‌ஷாப்பில் வார்ப்புகளையும் வெல்டிங்குகளையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். திருச்சிப் பக்கம் சொந்த ஊர். கணவர் ரயில்வேயில் இருந்ததால் ஆபீஸ் குடியிருப்புக்குப் போகாமல் செங்கல்பட்டிலேயே வாடகைக்கு இருந்தார்கள். வெளுத்த காட்டன் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், கைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. சிரிக்கத் தெரியாதவர் இல்லை. சிரிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பார்த்ததைச் சொல்லுவார். பார்க்காததைச் சொல்ல மாட்டார். இதைப் படிக்கும்போது நல்ல குணமாகத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அவ்வளவு சுகமான குணம் இல்லை.

அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒருவர் மாமல்லபுரம் போயிருந்தபோது சாலையோரம் ஒரு ஆளிடம் ஐம்பொன் அம்மன் சிலை வாங்கி வந்தார். மண்ணுக்குள் கிடந்தது, பச்சை பூத்திருக்கிறது, பல்லவர் காலம் என்று விற்றவன் சொன்னானாம். டிபார்ட்மென்டே கூடி நின்று பார்த்தது. மேடம் கையில் வாங்கிக் கவிழ்த்தார். அடியில் அரத்தால் ராவிய கோடு புத்தம் புதிதாக மின்னியது. பச்சையை நகத்தால் சுரண்டினார், உதிர்ந்தது. “பித்தளை. செஞ்சு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பச்சை மேல பூசினது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் ரிட்டயர் ஆகும்வரை மேடத்தோடு பேசவில்லை. மேடத்துக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். “அவர்தானே கையில குடுத்தாரு” என்றார்.

ஒருமுறை நாற்பது வார்ப்புத் துண்டுகளுக்குச் சான்று கேட்டு வந்தார்கள். அவசரம், மேலிடத்து வேலை. நான்கு துண்டுகள் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. எல்லாம் ஒரே லாட்தான், போட்டுக் கொடுங்கள் என்றார்கள். முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற நாலும் இறங்கி, அவர் பார்த்து முடிக்கும்வரை ஒரு சீனியர் ஆபீசர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த வருஷம் மேடத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இதனால்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவர் மட்டும், எதனால் என்று தெரியாது என்றார்.

அதையெல்லாம்விடப் பெரிய விஷயம் அவர் தங்கை மகள் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டே, பெண் டிகிரி முடித்துவிட்டாளா என்று பொதுவாகக் கேட்டார்கள். அறை முழுக்கத் தலையாட்டியது. மேடம், “ரெண்டு பேப்பர் பாக்கி” என்றார். சம்பந்தம் கலைந்தது. தங்கை நான்கு வருஷம் வீட்டுப் படி ஏறவில்லை. இதை எனக்கு அவரே சொன்னார். சும்மா இருந்திருக்கலாமே மேடம் என்றேன். “கேட்டாங்களே” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் என் அப்பாவின் டப்பாவைக் கொண்டுபோனது என் குற்றம்தான்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுனாமிக்கு முந்தின வருஷம். அவர் டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. உள்ளே துணியில் சுற்றி பதினெட்டு ஈயப் பொம்மைகள். சிவப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, தோளில் துப்பாக்கி வைத்து நடக்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்கள். எல்லாம் ஒரே ஜாடை. சிப்பாய்கள் என்றால் அப்படித்தானே இருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த டின்னைப் பற்றி அப்பா ஒரே ஒரு தரம்தான் பேசினார், ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில். தாத்தா ஏரிக்கரைப் பக்கம் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்னால் ஒரு குடிசையில் இருந்தார்கள். அப்பாவுக்கு ஐந்து வயது. தாத்தா விளையாடக் கொடுத்த சிப்பாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். பங்களா வாட்ச்மேன் பார்த்துவிட்டான். துரையின் பிள்ளைகளுடைய பொம்மைப் பெட்டி ஒன்று அந்த மாதம் காணாமல் போயிருந்தது. துரைசாணி தூரத்தில் நின்றே பார்த்து, எங்களுடையதுதான் என்றாளாம். மகன் கண் முன்னால் தாத்தாவை அடித்தார்கள். அன்று சாயங்காலமே குடிசையைக் காலி செய்தார்கள்.

“நான் செஞ்சதுங்கன்னு சொன்னாரு உங்க தாத்தா. எல்லாரும் சிரிச்சாங்க” என்றார் அப்பா. பிறகு, “எடுத்தது அவரு. காட்டிக் குடுத்தது நானு” என்றார்.

தாத்தா அதற்குப் பிறகு உப்பளத்தில் வேலை செய்து அங்கேயே இறந்துபோனார். அவர் செய்தேன் என்று சொன்னதை அப்பாவும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டுக்கொண்டிருந்த நானும் நம்பவில்லை. அடியில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற பொம்மையை ஒரு தோட்டக்காரர் எப்படிச் செய்திருப்பார்?

என் அண்ணன் கூடுவாஞ்சேரியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். டின்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “திருட்டுப் பொருளு வூட்ல இன்னாத்துக்கு கீது? நைனாவை தின்னுச்சு, போதும். வெளிநாட்டுக்காரனுங்க பழசெல்லாம் வாங்கறானுங்களாம், தள்ளிவிட்டுடு” என்றார். எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்தது என்று சொன்னால்தான் விலை போகும் என்றும் சொன்னார். அதனால்தான் மேடத்திடம் போனேன்.

மேடத்திடம் இதே மாதிரி பொம்மைகள் உண்டு. அவர் அப்பா ரயில்வே பட்டறையில் இருந்தவர். கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அப்பாவுக்குப் பிறகு பெட்டி மேடத்துக்கு வந்தது. மற்றவர்களாக இருந்தால் ஷோகேஸில் அடுக்கியிருப்பார்கள். இவர் லண்டனில் யாரோ ஒரு சேகரிப்பாளரின் விலாசம் பிடித்து, கடிதம் எழுதி, பழைய விலைப்பட்டியல்களின் ஜெராக்ஸ் வரவழைத்து, எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். பதினாலில் பதினொன்று. மீதி மூன்றைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுவார். சொல்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டின்னோடு அவர் வீட்டுக்குப் போனேன். தாத்தா கதை முழுவதையும் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் நியூஸ்பேப்பர் விரித்தார். பொம்மைகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்த தூளைப் பார்த்து, ஈயம், கை கழுவாமல் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று முதலில் என்னை எச்சரித்தார். பிறகு கடிதம் நிறுக்கிற சின்னத் தராசு, நுணுக்கமாக அளக்கிற வெர்னியர், பூதக்கண்ணாடி. ஒவ்வொரு சிப்பாயாகக் கவிழ்த்தார். நிறுத்தார். அளந்தார். தோளைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஆனது. அவர் கணவர் வந்து எனக்கு ஒரு காபி வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரே ஒரு சிப்பாயைத் தனியாக எடுத்து வைத்தார்.

“இது இங்கிலாந்துல செஞ்சது. மத்த பதினேழும் இல்ல.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். லண்டன்காரர்கள் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள், ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். பொம்மை உள்ளே கூடாக இருக்கும், எடை குறைவு. கையைத் தனியாகச் செய்து மாட்டுவார்கள், அசையும். தனியாக வைத்ததில் கை அசைந்தது. மற்ற பதினேழிலும் கை உடம்போடு ஒட்டியே வார்த்திருந்தது. கெட்டியான ஈயம், இரண்டு மடங்கு கனம். உயரம் மயிரிழை குறைவு. அடியில் உள்ள எழுத்து தேய்ந்த காசில் இருப்பது மாதிரி மழுங்கியிருந்தது. அசலான பொம்மையைக் களிமண்ணில் அழுத்தி எடுத்த அச்சில் வார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்றார். பெயின்டும் வேறு.

பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, கழுத்தைப் பார்க்கச் சொன்னார். தனியாக வைத்த சிப்பாயின் தலை எப்போதோ உடைந்து, உள்ளே குச்சி செருகி, அரக்கு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அரக்கு இடது பக்கம் ஒரு மிளகு அளவுக்குப் புடைத்திருந்தது. மற்ற பதினேழையும் வரிசையாகக் காட்டினார். பதினேழு கழுத்திலும் இடது பக்கம் அதே புடைப்பு. அங்கே அரக்கு இல்லை, ஈயமே அப்படி இருந்தது.

“பதினேழும் இந்த ஒண்ணைப் பார்த்துச் செஞ்சது, ஸ்டெல்லா. ஒட்டின பிறகு செஞ்சது.”

தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு உடைந்த பொம்மை. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே கேட்டேன்.

“அப்ப அவர் திருடல, இல்லையா மேடம்?”

மேடம் தனியாக வைத்த பொம்மையை எடுத்தார். ஒரு பக்கம் முழுக்கக் குழிகுழியாக அரித்திருந்தது. உடைந்த விளிம்பும் அரித்திருந்தது. “உடைஞ்ச பிறகு இது ரொம்ப நாள் மண்ணுல கிடந்திருக்கு. அப்புறம்தான் ஒட்டியிருக்காங்க. அதுவரைக்கும் சொல்ல முடியும். மண்ணுல யார் போட்டாங்க, யார் எடுத்தாங்கன்னு இதுல தெரியல. அந்தப் பெட்டி எப்படிக் காணாம போச்சுன்னும் எனக்குத் தெரியாது.”

“நீங்க இதுக்கு மேல என்ன பார்க்கணும்?”

“நான் பொம்மையை மட்டும்தான் பார்த்தேன்” என்றார்.

நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. சாட்சிக் கூண்டில் அல்ல, அவர் வீட்டு மேஜையில், காபி டம்ளருக்குப் பக்கத்தில். இல்லை, திருடவில்லை என்று சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பொம்மைகளை அள்ளி டின்னில் போட்டுக்கொண்டு, கை கழுவாமல் கிளம்பினேன். வாசல்வரை வந்து, “கையைக் கழுவிட்டுப் போங்க” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல் ஜன்னலோரம், பக்கத்து இடத்தில் கைப்பையை வைக்காமல் காலியாக விட்டுவிட்டு வருவார். வேறு யாராவது உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். முதலில், அந்தம்மா இன்னா ஜட்ஜா என்று கேட்டார். பிறகு ஒரு சிப்பாயை வாங்கிக் கழுத்தை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. “அத்தைக்கு இன்னா தெரியும்னு கேட்டியா?” என்றார்.

கேட்டதில்லை. அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர் அத்தை. சின்ன வயதிலேயே கடப்பாக்கத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவார், துக்கத்துக்கு வருவார். டின் பேச்சு வந்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார் என்பதால், எங்கள் வீட்டில் அதை யாரும் யாரிடமும் பேசியதில்லை.

மதுராந்தகத்தில் பஸ் மாறி கடப்பாக்கம் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். டின்னைத் திறந்து காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு சிப்பாயை எடுத்தார். சிரித்தார்.

“இத்த இன்னும் வெச்சினுகீறீங்களா? எங்க நைனா ஈயம் காச்சசொல்ல நான்தான அடுப்பு ஊதினேன்.”

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, தம்பிக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றார். அடிக்க வந்தவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“எட்டு வயசுப் பொண்ணு. என்ன யார் கேட்டாங்க?”

நம் அப்பா திருடினார், அதைக் காட்டிக் கொடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டே உங்கள் தம்பி செத்துப்போனார் என்று அத்தையிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் கையில் இருந்த சிப்பாயை டின்னில் வைத்துவிட்டு மறுபடி மீனைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மேடம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு மாதக் கணக்கு எதையும் அவர் கேட்கவில்லை. அத்தை சொன்னதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார், இல்லாவிட்டால் அன்றே சொல்லியிருக்கலாமே என்று வருந்துவார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, அச்சு ஒரே பாகமா, இரண்டு பாகமா என்று. எனக்குத் தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும், “உங்க அத்தையை நான் பார்க்கலாமா?” என்றார்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் போனோம். மேடம் ஒரு டஜன் வாழைப்பழமும், எழுதுகிற அட்டையில் செருகின முழு வெள்ளைத் தாள்களும் கொண்டுவந்திருந்தார். அத்தை ஸ்டூல் போட்டார். மேடம் அதில் உட்காராமல் அத்தைக்கு எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

உடைந்த பொம்மை எங்கே கிடைத்தது? ரோஜாச் செடிக்குக் குழி வெட்டும்போது மண்ணிலிருந்து வந்தது. குழி வெட்டும்போது நீங்கள் இருந்தீர்களா? இருந்தேன், மண் அள்ளிப் போட்டது நான். ஒட்டியது யார்? நைனா. அரக்கு ஏது? துரை வீட்டுத் தபாலில் ஒட்டி வந்ததைச் சுரண்டி எடுத்தது. களிமண்? ஏரியில் எடுத்தது, சாம்பல் கலந்து பிசைந்தது. எத்தனை பாகம்? ரெண்டு, இட்லித் தட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று வைத்து நாரால் கட்டுவார். ஈயம்? ஏரியில் மீன் பிடிக்கிறவர் கிழிந்த வலையோடு தூக்கிப் போட்ட குண்டுகள். சிவப்பு பெயின்ட்? பங்களா கேட்டுக்கு அடித்ததில் டப்பாவின் அடியில் மிச்சம் இருந்தது. மொத்தம் எத்தனை வார்த்தார்? பதினெட்டு. டின்னில் அவர் வார்த்தது பதினேழுதானே இருக்கிறது?

“ஒண்ணு எந்தம்பி கையில இருந்து புடுங்கினு போனாங்களே” என்றார் அத்தை. “அது வரவே இல்ல.”

மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதினார்.

அத்தை இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கேள்விக்குக் கேள்வி முதுகு நிமிர்ந்தது. நடுவில் எழுந்துபோய் ஒரு பிடி ஈர மண் எடுத்துவந்து, பொம்மையை எப்படிப் படுக்க வைத்து அழுத்துவார் என்று செய்து காட்டினார். தெரியாததற்குத் தெரியாது என்றார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் மேடம் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். காணாமல் போன பெட்டி பற்றிக் கேட்டபோதும் அத்தை அதையே சொன்னார். “அத்த நான் பாக்கல. எங்க வூட்டுக்கு வரல. அது தெரியும்.”

வெயில் சாய்ந்த பிறகு அத்தை கேட்டார், எங்கப்பன் திருடவில்லை என்று நீ எழுதிக் கொடும்மா, நீ படித்தவள் என்று. நான் மேடத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் அப்ப அங்க இல்லம்மா. நீங்க இருந்தீங்க” என்றார் மேடம். “நீங்க சொன்னதா நான் எழுதியிருக்கேன். நான் பொம்மையில பார்த்ததையும் கீழ எழுதியிருக்கேன். ரெண்டும் ஒத்துப்போகுது. படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.”

அத்தை சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். மேடம் ஆபீஸ் ரிப்போர்ட் படிக்கிற அதே குரலில் படித்தார். ஏரிக்கரை பங்களாத் தோட்டக்காரர் தாம் மண்ணில் கண்டெடுத்த உடைந்த பொம்மை ஒன்றை ஒட்டி, அதை வைத்துத் தம் பிள்ளைகளுக்காகப் பதினெட்டுப் பொம்மைகள் வார்த்தார். ஈயம் காய்ச்சும்போது மகள் ஊதுகுழலால் அடுப்பை ஊதினார்.

அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஊதுகுழல் ஏதும்மா எங்களுக்கு. வாயாலதான் ஊதினேன்.”

மேடம் அந்த வார்த்தையை அடித்தார். அதற்கு மேலே ‘வாயால்’ என்று எழுதினார். பிறகு அந்த வரியை முதலிலிருந்து படித்தார்.